மிர்ஸா: பொஸ்னியாவில் இது எப்படி முதற்பெயர் ஆனது?

ஆடுகளம் எழுதியது:

வணக்கம். எழுபதுகளின் ஐரோப்பியக் கூடைப்பந்து பற்றி ஒரு தொடர் எழுதி வருகிறேன். அடுத்த பகுதி மிர்ஸா டெலிபாஷிச் பற்றியது. 1954இல் பொஸ்னியாவின் துஸ்லா நகரில் பிறந்தவர். 1979இல் கிரெனோபிளில் நடந்த ஐரோப்பியச் சாம்பியன் கோப்பை இறுதியாட்டத்தில் சரயேவோவின் போஸ்னா அணி, இத்தாலியின் வரேசே அணியை 96–93 என்று வென்றது. அதில் இவர் எடுத்தது 30 புள்ளிகள். யூகோஸ்லாவிய கிளப் ஒன்று அந்தக் கோப்பையைத் தூக்கியது அதுதான் முதல் தடவை. மறு ஆண்டு மாஸ்கோ ஒலிம்பிக்கில் தங்கம், அப்புறம் ரியல் மாட்ரிட்டில் இரண்டு ஆண்டுகள். 1983இல் மூளையில் ஏற்பட்ட ரத்தக்கசிவோடு ஆட்டம் முடிந்துபோனது. இவ்வளவும் எழுதிவிட்டேன்.

மாட்டிக்கொண்ட இடம் பெயர். மிர்சா என்றதும் நமக்கு சானியா மிர்சா நினைவுக்கு வருவார். அங்கே அது குடும்பப் பெயர். மிர்சா காலிப் என்றால் பெயருக்கு முன்னால் பட்டம் போல நிற்கிறது. மைசூர் திவானாக இருந்த சர் மிர்சா இஸ்மாயிலுக்கும் அப்படித்தான். பொஸ்னியாவிலோ அம்மா வாசலில் நின்று கூப்பிடும் பெயரே மிர்ஸா. டென்னிஸ் வீரர் மிர்ஸா பாஷிச், அமெரிக்காவில் புரூக்ளின் நெட்ஸ் அணிக்கு ஆடிய மிர்ஸா டெலெடோவிச் என்று இந்தப் பெயர்க்காரர்கள் நிறையப் பேர். ஓரிடத்தில் "மிர் என்றால் ஸ்லாவிய மொழியில் அமைதி, ஆகவே அமைதியானவன்" என்று படித்தேன். இன்னோரிடத்தில் "இளவரசன்". எது சரி? இந்தப் பெயரைத் தமிழில் எப்படி எழுதுவது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஆம்பூரான் எழுதியது:

இளவரசன் பக்கம்தான் உண்மை இருக்கிறது. வீட்டில் உருது பேசி வளர்ந்தவன், பாரசீகமும் கொஞ்சம் படித்தவன் என்பதால் சொல்கிறேன்.

அமீர் என்பது அரபுச் சொல். ஆணையிடுபவர், படைத்தலைவர், ஆட்சியாளர் என்று பொருள். சாதா என்பது பாரசீகம், பிறந்தவர், பிள்ளை. இரண்டும் சேர்ந்து அமீர்சாதா, அதாவது அமீரின் பிள்ளை. பேச்சில் முன்னால் இருந்த அகரமும் பின்னால் இருந்த "தா"வும் உதிர்ந்து மீர்சா என்று நின்றுவிட்டது. இந்தச் சாதாவை நவாப்சாதா, ஷாஜாதா என்று எல்லாரும் கேட்டிருப்பீர்கள். வடமொழியின் "ஜாத" (பிறந்த) இதற்கு உடன்பிறப்பு. நாம் அன்றாடம் சொல்லும் சாதியும் அந்த வேரிலிருந்து வந்ததுதான்.

பாரசீக வழக்கில் இந்தச் சொல்லை எங்கே வைக்கிறோம் என்பது முக்கியம். பெயருக்குப் பின்னால் வந்தால் அரச குடும்பத்துப் பிள்ளை. ஈரானின் கஜார் பட்டத்து இளவரசர் அப்பாஸ் மிர்சா அப்படி. பாபருடைய தகப்பனார் உமர் ஷேக் மிர்சா, மகன் கம்ரான் மிர்சா, எல்லாரும் தைமூர் வம்சம். பெயருக்கு முன்னால் வந்தால் படித்தவர், எழுத்து வேலை பார்க்கும் அதிகாரி என்ற மரியாதை மட்டும்தான். ஈரானைச் சீர்திருத்தப் பாடுபட்ட பிரதமர் அமீர் கபீரின் பெயர் மிர்சா தகி கான். அவருடைய தகப்பனார் ஒரு பெரிய மனிதர் வீட்டில் சமையல்காரர்! அதனால் மிர்சா என்று பார்த்தவுடன் அரச ரத்தம் என்று எழுதிவிடாதீர்கள்.

டன்யூப் கரை எழுதியது:

நான் வியன்னாவில் இருக்கிறேன். இங்கே பொஸ்னியாக்காரர்கள் மிக அதிகம். என்னோடு வேலை செய்கிறவர்களில் ஒரு மிர்ஸாவும் உண்டு. அவரைக் கேட்டால் இளவரசன் என்றுதான் சொல்வார். அவருடைய மாமியார் "எங்கள் மருமகனுக்குள்ளேயே மிர் இருக்கிறது" என்று பெருமையாகச் சொல்வதையும் கேட்டிருக்கிறேன்.

அதைத் தூக்கி எறிந்துவிட எனக்கு மனமில்லை. பொஸ்னிய மொழியில் மிர் என்றால் அமைதி. விளாதிமிர், மிரோஸ்லாவ், மிர்யானா எல்லாவற்றிலும் அது இருக்கிறது. ஸ்லாவிய மொழி பேசும் தாய் பிள்ளைக்குப் பெயர் தேடும்போது மிர்ஸா, மிர்சாத் போன்ற பெயர்கள் காதுக்கு நம்முடையதாக ஒலிக்கின்றன. வேர் எங்கே இருந்தாலும், பெயர் பிடித்துப்போக ஒலியும் ஒரு காரணம் ஆகாதா?

சொல்லேர் எழுதியது:

டன்யூப் கரை அக்கா சொல்வது பெயர் ஏன் பிடித்தது என்ற கேள்விக்கு நல்ல பதில். ஆடுகளம் கேட்பது பெயர் எங்கிருந்து வந்தது என்று. இரண்டையும் தனித்தனியே வைத்துக்கொள்வோம்.

ஸ்லாவியப் பெயர்களில் மிர் வரும் விதத்துக்கு ஓர் ஒழுங்கு உண்டு. கடைசியில் நிற்கும், விளாதிமிர் போல. முன்னால் நின்றால் பின்னால் ஸ்லாவ் போன்ற இன்னொரு முழுச்சொல் வரும், இல்லையென்றால் மிர்கோ என்பதில் இருப்பது போன்ற ஒரு விகுதி வரும். மிர்ஸாவில் மிரைப் பிரித்தெடுத்தால் மிஞ்சுவது "ஸா". ஸ்லாவியத்தில் அப்படி ஒரு பெயர் விகுதி கிடையாது. "ஸா" என்று ஓர் இடைச்சொல் இருக்கிறது. "-க்காக", "-க்குப் பின்னால்" என்ற பொருளில் வரும். அதை வைத்துப் பெயர் கட்டமாட்டார்கள். மிர்சாத் என்ற பெயருக்கும் அமைதியோடு தொடர்பில்லை. அது அரபு, காத்திருந்து கண்காணிக்கும் இடம் என்று பொருள். குர்ஆனின் 89ஆம் அத்தியாயம் 14ஆம் வசனத்தில் வரும் சொல்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்தப் பெயர்கள் அரேபியாவிலிருந்தோ ஈரானிலிருந்தோ நேரே பொஸ்னியாவில் இறங்கியவை அல்ல. 1463இல் பொஸ்னிய அரசு உஸ்மானியத் துருக்கியர் (ஒட்டோமான்) கையில் விழுந்தது. அதன் பிறகு நானூறு ஆண்டுகளுக்கு மேல், 1878இல் ஆஸ்திரியா-ஹங்கேரி வரும்வரை, ஆட்சி மொழி துருக்கியம். பெயர்கள் துருக்கிய நாக்கில் உருண்டு வந்தன. அந்தத் தழும்பு இன்னும் தெரியும். அரபு ரஜப், துருக்கியில் ரெஜெப் ஆகி, பொஸ்னியாவிலும் ரெஜெப் என்றே நிற்கிறது. அரபில் b ஒலியாக இருந்த கடைசி "ப்" இங்கே p ஒலியானது துருக்கியின் கைவரிசை. ஆமினா எமினா ஆனாள். லைலா லெய்லா ஆனாள். ஜமால் ஜெமால் ஆனார். அமீர் எமிர் ஆனார், திரைப்பட இயக்குநர் எமிர் குஸ்தூரிட்சாவின் பெயரில் இருப்பது போல. ஆக அமீரின் பிள்ளையான மிர்ஸாவும் எமிரும் பொஸ்னியாவில் ஒரே தெருவில் விளையாடுகிறார்கள். இருவருக்கும் உறவு என்பது பலருக்குத் தெரியாது.

பொஸ்னிய முஸ்லிம் பெயர்களின் கீழைத்தேய மூலங்களை இஸ்மெத் ஸ்மாயிலோவிச் என்ற மொழியியலாளர் 1977இலேயே விரிவாகத் தொகுத்து வெளியிட்டிருக்கிறார். இந்தத் துறையில் யார் எழுதினாலும் அவரைத் தொடாமல் போக முடியாது.

கரிசல்காடு எழுதியது:

எல்லாம் படித்தேன். எனக்கு ஒரு கேள்வி. வேர் அரபு, உடல் பாரசீகம், வந்த வழி துருக்கி. இதில் பொஸ்னியப் பெயர் என்று சொல்ல என்ன இருக்கிறது? பொஸ்னியப் பெயர் வேண்டுமென்றால் துவர்த்கோ இருக்கிறதே! 1377இல் முடிசூடிய பொஸ்னியாவின் முதல் அரசன் பெயர். "துவர்த்" என்றால் உறுதியானது, கெட்டியானது. மண்ணின் சொல்லிலிருந்து வந்த பெயர். மிர்ஸாவைப் "பொஸ்னியாவில் வழங்கும் அயற்பெயர்" என்று எழுதுவதுதான் நேர்மையாக இருக்கும் என்று நினைக்கிறேன். யாரையும் புண்படுத்தச் சொல்லவில்லை, கட்டுரையில் துல்லியம் வேண்டும் என்பதற்காகக் கேட்கிறேன்.

சொல்லேர் எழுதியது:

கரிசல்காடு, துவர்த்கோ நல்ல எடுத்துக்காட்டு. அந்த அரசர் 1377இல் முடிசூடியபோது தம் பெயருக்கு முன்னால் எதைச் சேர்த்துக்கொண்டார் தெரியுமா? ஸ்தெபான். அதுமுதல் பொஸ்னிய அரசர்கள் எல்லாரும் ஸ்தெபான் என்ற பெயரையும் தாங்கினார்கள். அது கிரேக்கச் சொல், மகுடம் என்று பொருள். 1463இல் கொல்லப்பட்ட கடைசி அரசர் ஸ்தெபான் தொமாஷெவிச். தோமா என்பது அரமேயத்தில் இரட்டையரில் ஒருவர். ரோமில் அடைக்கலம் புகுந்து 1478இல் அங்கேயே இறந்த அரசி கதரீனாவின் பெயரும் கிரேக்க வழியாக வந்தது. இவானும் யோவானும் எபிரேயம், மார்கோ லத்தீன். வேரைப் பார்த்து அயற்பெயர் என்று தள்ளுவதென்றால் பொஸ்னியாவின் அரச குடும்பத்தையே முதலில் தள்ள வேண்டும்.

கிறிஸ்தவத்தோடு வந்த பெயர்கள் அங்கே மண்ணின் பெயர்களாகிவிட்டன, இஸ்லாத்தோடு வந்தவை மட்டும் வாசலிலேயே நிற்கின்றன என்று சொல்வதற்கு மொழியியலில் எந்த அடிப்படையும் இல்லை. நான் பார்ப்பது இதைத்தான்: ஒரு பெயர் அந்த மொழியின் இலக்கணத்துக்குள் வாழ்கிறதா, அதிலிருந்து புதிய பெயர்கள் முளைக்கின்றனவா?

மிர்ஸா வாழ்கிறது. பொஸ்னிய மொழியில் ஆகாரத்தில் முடியும் பெயர்ச்சொற்கள் பெரும்பாலும் பெண்பால். அதனால் மிர்ஸா ஆண் பெயராக இருந்தும் வேற்றுமை உருபுகளைப் பெண்பால் சொற்களைப் போலவே ஏற்கிறது. மிர்ஸாவை என்பதற்கு மிர்ஸு, மிர்ஸாவுக்கு என்பதற்கு மிர்ஸி, மிர்ஸாவோடு என்பதற்கு மிர்ஸொம். அவனுடைய பந்து என்றால் மிர்ஸின். கூட வரும் பெயரடையும் வினையும் மட்டும் ஆண்பாலில் நிற்கும். பாரசீகத்தில் இதில் ஒன்றுமே கிடையாது. அந்த மொழியில் பாலே இல்லை. எந்த ஈரானியருக்கும் தெரியாத வேலையை அந்தப் பெயர் பொஸ்னியாவில் தினமும் செய்துகொண்டிருக்கிறது.

ஆம்பூரான் எழுதியது:

கதரீனா அரசியின் பேச்சு வந்ததால் ஒன்று சொல்லியாக வேண்டும். அவருடைய மகன் சிகிஸ்மண்டைச் சிறுவனாக இருக்கும்போதே உஸ்மானியர் கொண்டுபோனார்கள். அவர் இஸ்லாத்தில் சேர்ந்து, இஸ்ஹாக் என்ற பெயரோடு உஸ்மானிய அதிகாரியாக உயர்ந்தார். வரலாற்றில் அவருக்கு நிலைத்த பெயர் இஸ்ஹாக் பே கிராலோலு. கிரால் என்பது ஸ்லாவியச் சொல், அரசன். ஓலு என்பது துருக்கியச் சொல், மகன். அரசனின் மகன்.

அமீர்சாதா என்ற அதே பொருளை ஸ்லாவியத்தையும் துருக்கியத்தையும் ஒட்டவைத்துச் சொல்லியிருக்கிறார்கள். உண்மையிலேயே பொஸ்னிய அரசனுக்குப் பிறந்தவர் அவர். இந்தப் பெயரைத் தாங்கியபடி, தகப்பனின் அரசை அழித்த பேரரசுக்கு வேலை செய்தார். அம்மா ரோமில் மகனுக்காகக் காத்திருந்தே இறந்துபோனார். எனக்கு இந்தக் கதையைப் படிக்கும்போதெல்லாம் மனம் கனத்துவிடும்.

ஆடுகளம் எழுதியது:

ஒரே நாளில் இவ்வளவு கிடைக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. அப்படியே டெலிபாஷிச் என்பதையும் பிரித்துச் சொன்னால் நன்றாக இருக்கும்.

சொல்லேர் எழுதியது:

சொல்கிறேன், அதில்தான் இந்த இழையின் முழு விவாதமும் அடங்கியிருக்கிறது.

டெலி என்பது துருக்கியச் சொல். பித்துப் பிடித்தவன் என்பது நேர்ப்பொருள். உயிரைத் துச்சமாக மதிக்கும் முரட்டுத் துணிச்சல்காரன் என்ற பொருளும் உண்டு. உஸ்மானியப் படையில் எல்லைப்புறங்களில் முன்னால் பாய்ந்து செல்லும் குதிரைவீரர்களுக்கு அதுவே பெயர். பாஷ் என்றால் தலை. டெலிபாஷி என்றால் அந்த வீரர்களின் தலைவர். கடைசியில் நிற்கும் "இச்" தெற்கு ஸ்லாவிய விகுதி. சிறியது, மகன், வழிவந்தவன் என்று பொருள் தரும். ஆக டெலிபாஷிச் என்றால் டெலிப் படைத்தலைவரின் வழிவந்தவர்.

இப்போது முழுப் பெயரையும் பாருங்கள். அமீர் அரபு. சாதா பாரசீகம். டெலிபாஷி துருக்கியம். இச் ஸ்லாவியம். பிள்ளை என்று பொருள்படும் உறுப்பு இரண்டு தடவை வருகிறது, ஒரு தடவை பாரசீகத்தில், ஒரு தடவை ஸ்லாவியத்தில். ஈரானில் இப்படி ஒரு பெயர் பிறந்திருக்காது. துருக்கியிலும் பிறந்திருக்காது, அங்கே "இச்" கிடையாது. செர்பியாவின் ஆர்த்தடாக்ஸ் குடும்பத்திலோ குரோவாசியாவின் கத்தோலிக்கக் குடும்பத்திலோ பிள்ளைக்கு மிர்ஸா என்று வைத்திருக்கமாட்டார்கள். இந்த நான்கும் இந்த வரிசையில் ஒன்றாக உட்கார முடிந்த இடம் பொஸ்னியாவும் அதை ஒட்டிய சில பகுதிகளும்தான். கரிசல்காடு, இதைப் பொஸ்னியப் பெயர் என்று சொல்லாமல் வேறு எந்த நாட்டுப் பெயர் என்று சொல்வீர்கள்?

நாவற்குழி எழுதியது:

நான் சுவிஸில் இருக்கிறேன், சொந்த இடம் யாழ்ப்பாணம். தொண்ணூறுகளில் எங்களைப் போலவே போரிலிருந்து தப்பி இங்கே வந்த பொஸ்னியக் குடும்பங்களோடு பழகியவன். இதை மொழியியலாக மட்டும் பார்த்துவிட்டுப் போக முடியாது என்பதற்காக எழுதுகிறேன்.

பொஸ்னியாவில் முஸ்லிம்கள், ஆர்த்தடாக்ஸ் செர்பியர், கத்தோலிக்கக் குரோவாசியர் என்ற மூன்று சமூகத்தாரும் பேசுவது ஒருவருக்கொருவர் தெளிவாக விளங்குகிற மொழி. முகத்தைப் பார்த்து யார் எவர் என்று சொல்ல முடியாது. குடும்பப் பெயரும் பல நேரம் காட்டிக்கொடுக்காது. எல்லாம் இச் என்று முடியும். முதற்பெயர் காட்டிக்கொடுக்கும். மிர்ஸாவா, மிலோஷா, ஆந்தேயா என்று கேட்டால் போதும். 1992க்குப் பிறகு சோதனைச் சாவடியில் அடையாள அட்டையை நீட்டும்போது அந்த முதற்பெயரில்தான் உயிர் தொங்கியது. பெயரைக் கேட்டும் உச்சரிப்பைக் கேட்டும் ஆளைப் பிரிப்பது என்றால் என்ன என்று எங்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அந்தக் குடும்பங்களோடு நாங்கள் கதைத்த முதல் விஷயமே அதுதான்.

"அயற்பெயர்" என்ற சொல்லை நான் அந்த இடத்திலிருந்துதான் கேட்கிறேன். மிர்ஸா, ஹசன் என்று பெயர் வைத்தவர்களைத் துருக்கியர் என்று சொல்லித்தான் அடித்தார்கள். அவர்கள் துருக்கியரும் இல்லை, துருக்கி மொழி அறிந்தவர்களும் இல்லை. கரிசல்காடு அந்த எண்ணத்தில் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் கட்டுரையில் அந்தச் சொல் போனால் ஒரு பொஸ்னியர் அதை எப்படி வாசிப்பார் என்று நினைத்துப் பாருங்கள்.

இன்னுமொன்று. அங்கே அதிகாரப் பதிவுகளில் பெயருக்கும் குடும்பப் பெயருக்கும் நடுவில் தகப்பன் பெயரை எழுதும் வழக்கம் உண்டு. நாங்கள் தகப்பன் பெயரின் முதலெழுத்தைப் போடுவது போல, ஆனால் முழுப் பெயராக. ஒரே பள்ளத்தாக்கில் ஒரே பெயரும் ஒரே குடும்பப் பெயரும் உள்ளவர்கள் பலர் இருப்பார்கள். தகப்பன் பெயரையும் பிறந்த ஆண்டையும் வைத்துத்தான் இது யாருடைய பிள்ளை என்று தெரியும். அந்தப் போரில் 1995இல் நடந்த சிரெப்ரெனிட்சா படுகொலையில் இறந்தவர்களுக்கான பொத்தோச்சாரி நினைவிடத்துக் கல்லில் 8,372 என்ற எண் வெட்டப்பட்டிருக்கிறது. புதைகுழிகளில் கிடைத்த எலும்புகளை மரபணுச் சோதனையில் அடையாளம் கண்டு, ஒவ்வொரு ஆண்டும் ஜூலை 11இல் பெயரோடு அடக்கம் செய்கிறார்கள். ஒரு பெயரை அதன் உடலிடம் திருப்பிக் கொடுப்பதற்கு அவர்கள் படும் பாடு பெரிது.

டன்யூப் கரை எழுதியது:

நாவற்குழி அண்ணா, நீங்கள் எழுதியதை என்னோடு வேலை செய்கிறவர்களும் வேறு வார்த்தைகளில் சொல்லியிருக்கிறார்கள்.

அதனாலேயே யூகோஸ்லாவியக் காலத்தில், முக்கியமாகக் கலப்புத் திருமணக் குடும்பங்களில், சமூகத்தைக் காட்டிக்கொடுக்காத பெயர்களைத் தேடியிருக்கிறார்கள். கால்பந்து வீரர் ஸ்லாத்தான் இப்ராகிமோவிச்சை எடுத்துக்கொள்ளுங்கள். அப்பா பொஸ்னிய முஸ்லிம், அம்மா குரோவாசியக் கத்தோலிக்கர், பிறந்தது சுவீடனில். ஸ்லாத்தோ என்றால் தங்கம். ஸ்லாத்தான் நம் பொன்னன். முதற்பெயரை வைத்து மதம் சொல்ல முடியாது. குடும்பப் பெயரில் இப்ராகிம் இருப்பது வேறு விஷயம். கோரான், யாஸ்னா, வெஸ்னா, மாயா போன்றவையும் இந்த வகைதான். தாமிர் என்ற பெயரும் எல்லாச் சமூகத்திலும் உண்டு. சிலர் அதில் ஸ்லாவிய மிரைக் கேட்கிறார்கள், சிலர் இரும்பு என்று பொருள்படும் துருக்கியச் சொல்லைக் கேட்கிறார்கள். முன்பு நான் ஒலி என்று சொன்னது இதைத்தான். எந்தக் காதுக்கும் இடறாத பெயரைத் தேடும் பெற்றோருக்கு மிர் என்ற ஓசை ஓர் ஆறுதல்.

கரிசல்காடு எழுதியது:

நாவற்குழி சொன்ன பிறகு "அயற்பெயர்" என்ற சொல்லைக் கட்டுரைக்குள் கொண்டுவரும்படி நான் கேட்கமாட்டேன். சொல்லேர் கேட்ட கேள்விக்கும் என்னிடம் வேறு நாட்டின் பெயர் இல்லை.

ஆனால் ஒன்று இன்னும் உறுத்துகிறது. மிர்ஸா என்பது மேட்டுக்குடிப் பட்டம். துஸ்லாவோ உப்புக் கிணறுகளும் நிலக்கரிச் சுரங்கமும் உள்ள தொழிலாளர் ஊர். ஊர்ப் பெயரே உப்பைக் குறிக்கும் துருக்கியச் சொல்லிலிருந்து வந்தது. அதுவும் சோஷலிச யூகோஸ்லாவியா. 1954இல் அப்படிப்பட்ட ஊரில் பிள்ளைக்கு "அமீரின் மகன்" என்று எப்படி வைத்தார்கள்?

சொல்லேர் எழுதியது:

இது நல்ல கேள்வி. பட்டம் அதிகாரத்தை இழந்த பிறகுதான் எல்லாரும் எடுத்துக்கொள்ளும் பெயராகும் என்பது என் கணிப்பு. நம் ஊரிலும் ராஜா, துரை, இளவரசன் எல்லாம் சாதாரண வீட்டுப் பிள்ளைகளின் பெயர்கள்தானே; சமஸ்தானங்கள் உயிரோடு இருந்தபோது ராஜா என்பதற்கு இருந்த கனம் வேறு. பொஸ்னியாவில் பேகுகள் என்ற நிலவுடைமை வர்க்கம் ஆஸ்திரிய ஆட்சியையும் தாண்டி நின்றது. முதல் உலகப் போருக்குப் பிறகு வந்த நிலச்சீர்திருத்தத்தில் அவர்களுடைய நிலம் உழுதவர்களுக்குப் போனது. மிஞ்சியதை 1945க்குப் பிறகு வந்த அரசு முடித்துவைத்தது. அதன்பின் இந்தச் சொற்களில் ஓசையும் பழைய அழகும்தான் மீதி. பயந்து விலக யாருக்கும் காரணமில்லை.

இடையில் ஒரு பாலம் இருந்தது. சாப்வெத்-பேக் பஷாகிச் (1870–1934) என்ற கவிஞர், கீழைத்தேய ஆய்வாளர், ஹெர்ஸகோவினாவின் நெவெசினியேயில் பிறந்து வியன்னாவில் முனைவர் பட்டம் வாங்கியவர். அவருடைய புனைபெயர் மிர்ஸா சாப்வெத். ஆம்பூரான் சொன்ன விதியை வைத்துப் பாருங்கள்: மிர்ஸா பெயருக்கு முன்னால் நிற்கிறது, அதாவது படித்தவர், எழுதுபவர். பாரசீகம் நன்கு தெரிந்தவர் தெரிந்தே தேர்ந்தெடுத்த இடம் அது. அவர் சேகரித்த அரபு, பாரசீக, துருக்கியச் சுவடிகள் இன்று பிராட்டிஸ்லாவா பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றன. யுனெஸ்கோவின் உலக நினைவகப் பட்டியலிலும் சேர்க்கப்பட்டவை. பொஸ்னியப் பள்ளிக்கூடங்களில் கவிதை படித்தவர்களுக்கு மிர்ஸா என்றால் அரண்மனை நினைவுக்கு வருவதைவிட இவர் நினைவுக்கு வந்திருக்க வாய்ப்பு அதிகம்.

ஆம்பூரான் எழுதியது:

பாரசீகம் பொஸ்னியாவில் அந்நியமாக இருந்ததில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பாரசீகக் கவிஞர் ஹாபிஸின் கவிதைகளுக்கு உரை எழுதிய அஹ்மத் சூதி 16ஆம் நூற்றாண்டுப் பொஸ்னியர். பின்னாளில் ஐரோப்பாவில் ஹாபிஸை மொழிபெயர்த்தவர்கள் அந்த உரையைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தார்கள். சரயேவோவின் பெரிய மசூதியைக் கட்டிய காஸி ஹுஸ்ரெவ்-பேக் பெயரில் இருப்பதும் குஸ்ரோ என்ற பழைய ஈரானிய அரசப் பெயர். எந்த ஆண்டு, எந்த வீட்டில் முதல் மிர்ஸா பிறந்தார் என்று தேடுவதைவிட, இந்த நீண்ட பழக்கத்தைச் சொல்வது கட்டுரைக்கு நல்லது.

ஆடுகளம் எழுதியது:

இதெல்லாம் கட்டுரைக்குள் போகிறது. எழுத்துக்கூட்டல் பாக்கி இருக்கிறது. மிர்சா, மீர்சா, மிர்ஸா என்று மூன்று வடிவம் பார்க்கிறேன். அப்புறம் டெலிபாசிக் என்று ஒரு செய்தித்தாளில் பார்த்தேன், அது சரிதானா?

சொல்லேர் எழுதியது:

டெலிபாசிக் வேண்டாம். பொஸ்னிய லத்தீன் எழுத்தில் தலையில் குறியிட்ட எழுத்துகளை ஆங்கில எழுத்துகளாக எண்ணிப் படித்ததால் வந்த கோளாறு அது. ஷ, ச் என்ற ஒலிகள்தான் சரி: டெலிபாஷிச். மற்ற இச்சுகளுக்கும் இதே முறை.

முதற்பெயருக்கு மிர்ஸா என்று எழுதுங்கள். நடுவில் இருப்பது குரல்வளை அதிரும் ஒலிப்புடைய ஒலி (ஆங்கில z), தமிழில் அதற்கு எழுத்து இல்லை. ஸ ஓரளவு பக்கத்தில் வரும். மிர்சா என்றால் சிலர் "மிர்ச்சா" என்று படித்துவிடுவார்கள். மீர்சா என்ற நெடில் பாரசீக உச்சரிப்புக்குப் பொருந்தும். சானியா மிர்சா, மிர்சா காலிப் போன்றவை தமிழில் ஏற்கெனவே ஊன்றிவிட்டன, அவற்றை மாற்ற வேண்டாம். பொஸ்னியருக்கு ஸ போட்டால் வேறுபாடும் தெரியும்.

கரிசல்காடு எழுதியது:

பெண்களுக்கு இந்தப் பெயர் உண்டா? ஆகாரத்தில் முடிவது பெண்பால் போல இருக்கும் என்றீர்களே.

டன்யூப் கரை எழுதியது:

மிர்ஸா ஆணுக்குத்தான். பெண்ணுக்கு மிர்ஸெத்தா என்று ஒரு வடிவம் இருக்கிறது, எனக்குத் தெரிந்த ஒரு தாதியின் பெயரே அதுதான். எமிர்–எமிரா, மிர்சாத்–மிர்சாதா, யாஸ்மின்–யாஸ்மினா, நெர்மின்–நெர்மினா என்று மற்ற பெயர்களுக்கு ஆகாரத்தைச் சேர்த்தாலே பெண்பால் வந்துவிடும். யாஸ்மின் அங்கே ஆண் பெயர் என்பது நம்மவர்களுக்கு முதலில் குழப்பமாக இருக்கும்! மிர்ஸாவில் ஏற்கெனவே ஆகாரம் இருப்பதால் வேறு வழி தேட வேண்டியிருந்தது போலும்.

சொல்லேர் எழுதியது:

ஆமாம், மிர்ஸெத்தாவைப் பாரசீக அகராதியில் தேடினால் கிடைக்காது. ஆண்பாலில் மிர்ஸெத் என்றும் வைக்கிறார்கள். பெண்களுக்குப் பெக்ஸாதா, ஷெஹ்ஸாதா என்ற பெயர்களும் அங்கே உண்டு. முதலாவது பேகின் பிள்ளை, இரண்டாவது ஷாவின் பிள்ளை. மிர்ஸாவில் தேய்ந்துபோன அந்தச் சாதா இந்த இரண்டிலும் முழுசாக இருக்கிறது. பாரசீகத்தில் ஷாஜாதா முதன்மையாக இளவரசனைக் குறிக்கும். பொஸ்னிய இலக்கணத்தில் ஆகாரம் கண்டதும் அது பெண் பெயராகிவிட்டது.

ஆடுகளம் எழுதியது:

கட்டுரையின் பெயர் பற்றிய பத்தி இப்போதைக்கு இப்படி இருக்கிறது, பார்த்துச் சொல்லுங்கள்:

"மிர்ஸா பொஸ்னியாவில் பரவலாக வழங்கும் ஆண் பெயர். அமீரின் பிள்ளை என்று பொருள்படும் அமீர்சாதா என்ற பாரசீகச் சொல்லின் தேய்ந்த வடிவம். உஸ்மானியத் துருக்கியம் வழியே பொஸ்னிய மொழிக்கு வந்தது. குடும்பப் பெயரான டெலிபாஷிச், உஸ்மானியக் குதிரைப்படையின் ஒரு பிரிவுத் தலைவரைக் குறிக்கும் துருக்கியச் சொல்லோடு ஸ்லாவிய விகுதி சேர்ந்தது. 1992இல் சரயேவோ முற்றுகைக்குள்ளானபோது அவர் நகரைவிட்டுப் போகவில்லை. 1993 ஐரோப்பியப் போட்டிக்கு பொஸ்னியத் தேசிய அணியைப் பயிற்றுநராக அழைத்துச் சென்றார். அணி எட்டாம் இடம் பிடித்தது. 2001இல் சரயேவோவில் இறந்தார். அந்நகரின் ஸ்கெந்தெரியாவில் உள்ள விளையாட்டரங்கம் இன்று அவர் பெயரில் இருக்கிறது."

நாவற்குழி எழுதியது:

நன்றாக இருக்கிறது தம்பி. முற்றுகை 1996 பெப்ரவரி வரை நீடித்தது என்பதையும் ஒரு வரியில் போட்டுவிடுங்கள். 1993இல் அணி புறப்பட்டபோது நகரம் முற்றுகைக்குள்தான் இருந்தது என்று வாசிப்பவருக்கு அப்போதுதான் விளங்கும்.